ஆற்றின் நாடியைப் பிடித்துப் பார்ப்போம்



தோட்டத்துச் சகோதரி ஒருவர் கேட்ட கேள்வியோடு இந்த இதழில் உங்களைச் சந்திக்கிறேன். அவர் குடியிருக்கும் லயம் ஆற்றங்கரையை ஒட்டியது. கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மாமியார் படுத்த படுக்கை. அவரைத் தூக்கிச் செல்ல இரண்டு ஆள் வேண்டும். கனமழை பெய்யும்போதெல்லாம் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மூத்த மகன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "மஞ்சள்தான் அம்மா, சிவப்பு வந்தால் போகலாம்" என்கிறானாம். "அவன் பேச்சை நம்பி நான் தூங்கலாமா?" என்பதே சகோதரியின் கேள்வி.

நியாயமான கேள்வி! 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையை யார் மறப்பார்? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம்மவர் பலர் மாடியிலும் கூரையிலும் நின்று படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நேரத்தோடு கிளம்புவதும் ஒரு மணி நேரம் தாமதிப்பதும் ஒன்றாகுமா?

மகன் பார்ப்பது, வடிகால் நீர்ப்பாசன இலாகா பொதுமக்களுக்காக நடத்தும் 'இன்ஃபோ பஞ்சிர்' என்ற இணையப் பக்கம். ஆறுகளின் ஓரத்தில் நிறுத்தியுள்ள கருவிகள் நீர்மட்டத்தையும் மழையையும் அளந்து அனுப்ப, அவை அங்கே எண்களாகவும் கோடுகளாகவும் தெரிகின்றன. காசு கட்ட வேண்டியதில்லை. முதலில் மாநிலத்தையும் பிறகு மாவட்டத்தையும் தேர்ந்தெடுத்தால் நிலையங்களின் பட்டியல் வரும். ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு அளவுகள் குறித்திருப்பார்கள். வழக்கமான மட்டம் பச்சை, வஸ்பாடா என்றால் மஞ்சள், அமாரான் என்றால் ஆரஞ்சு, பஹாயா என்றால் சிவப்பு.

பலரும் இந்த நிறத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. நீர்மட்ட எண்ணைத் தொட்டால் ஒரு வரைபடம் விரியும். கீழே நேரம், பக்கவாட்டில் மீட்டர், நடுவே ஆற்றின் கோடு. ஆறு இப்போது எங்கே நிற்கிறது என்பதை நிறம் சொல்லும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் கோடுதான் சொல்லும்.

பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு கட்டம் போட்ட தாளை எடுங்கள். விளக்குவதற்காக நானே சில எண்களைத் தருகிறேன். மஞ்சள் 5.0 மீட்டர், ஆரஞ்சு 5.8, சிவப்பு 6.5 என்று வைத்துக்கொள்வோம். மாலை 3 மணிக்கு 4.0, 4 மணிக்கு 4.2, 5 மணிக்கு 4.6, 6 மணிக்கு 5.2. ஆறு மணிக்குப் பார்க்கும் மகன், "மஞ்சள்தான்" என்கிறான். அது உண்மைதான். ஆனால் ஏற்றத்தைப் பாருங்கள்! முதல் மணியில் 20 சென்டிமீட்டர், அடுத்து 40, அதற்கடுத்து 60. சிவப்புக்கு மீதி 1.3 மீட்டர். மணிக்கு 60 என்றே ஏறினாலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் அவகாசம். ஏற்றம் அதே போக்கில் 80, 100 என்று கூடினால் 7 மணிக்கு 6.0, ஏழரைக்குச் சிவப்பு. ஒன்றரை மணி நேரம்தான்! ஆள் தேடி, மாமியாரைத் தூக்கி, பிள்ளைகளை மேட்டுக்குக் கொண்டுசேர்க்க ஒரு மணி நேரம் பிடிக்குமென்றால், கிளம்ப வேண்டிய நேரம் அந்த மஞ்சளிலேயே வந்துவிட்டது.

அடுத்து, மழைப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பல தோட்ட ஆபீசுகளின் முன் மழைமானி இருந்ததும், கிராணி காலையில் அதை அளந்து எழுதியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று இஞ்சுக் கணக்கு, இன்று மில்லிமீட்டர். ஓர் இஞ்சு 25.4 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் 10 வரை பெய்தால் இலேசான மழை. 30 வரை நடுத்தரம். அதைத் தாண்டினால் கனமழை. 60ஐத் தாண்டினால் மிகக் கனமழை. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 3,000 லிட்டர்! மலை முழுக்கப் பெய்தால் ஆற்றுக்கு எவ்வளவு வரும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆகவே உங்கள் வீட்டருகே உள்ள நிலையத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள நிலையத்தையும் பாருங்கள். இங்கே வெயில் அடிக்கலாம், அங்கே கொட்டிய மழை பிறகு வந்து சேரும். மேலே நீர் உச்சத்துக்கு ஏறியது எத்தனை மணிக்கு, உங்களிடம் ஏறியது எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு பெருமழையிலும் குறித்து வையுங்கள். நாலைந்து தடவை குறித்தால், மேலேயிருந்து வெள்ளம் வரச் சுமாராக எத்தனை மணி நேரம் ஆகும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். கடைசியாகப் பதிவான நேரத்தைப் பாருங்கள். மழை கொட்டும்போது கோடு அசையாமல் நின்றால் ஆறு அடங்கிவிட்டது என்று எண்ணாதீர்கள், கருவி பழுதாகியும் இருக்கலாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மழையே இல்லாமலும் கோடு அலைபோல் ஏறி இறங்கும். அது கடலின் ஏற்ற வற்றம். ஏற்றமும் கனமழையும் சேரும் நேரமே ஆபத்தானது. லயத்துக்குப் பின்னால் ஓடும் சிறு கால்வாய்க்குக் கருவி இருக்காது. திடீர் வெள்ளம் அங்கிருந்து வந்தால் எந்த வரைபடமும் காட்டாது. அதற்கு உங்கள் கண்ணும் காதும்தான் கருவி. படித்துறைக் கம்பத்தில் சாயத்தால் ஒரு கோடு போட்டு வைத்தாலும் நல்லதே. ஆனால் இருட்டில் அதைப் பார்க்கத் தண்ணீர் ஓரம் போகாதீர்கள்.

சகோதரியே, மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் பாதி வேலையைச் செய்துவிட்டான். மீதிப் பாதிக்கு அவன் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். மணிக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மாமியாரைத் தூக்க வரும் இருவர் யார் என்பதை இன்றே, வெயிலடிக்கும்போதே, அக்கம்பக்கத்தில் பேசி முடிவு செய்யுங்கள். பிறந்த பத்திரம், அடையாள அட்டை, மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஆபத்து நேர்ந்தால் அழைக்க 999 இருக்கிறது. ஆனால் அழைக்கும் நிலை வருமுன் மேட்டில் இருப்பதே மேல்.

சிவப்பு வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.