மீன் குழம்பு சாப்பிட்டவரிடம் ஆர்சனிக் விஷம் என்று சொல்லாதீர்கள்

1/ "உடம்பில் உலோக விஷம் இருக்கா? ஒரே சிறுநீர் டெஸ்ட்ல தெரிஞ்சுக்கோங்க" என்று பேக்கேஜ் விற்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைக் காட்டி இன்னொருவர் டீடாக்ஸ் விற்கிறார். இந்த இரண்டு வியாபாரத்துக்கும் எதிராகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/ முதல்ல ஒரு அடிப்படை. ஆர்சனிக் என்பது ஒரே பொருள் இல்லை. நிலத்தடி நீரிலும் பாஷாணத்திலும் இருப்பது கனிம ஆர்சனிக். அதுதான் விஷம். மீன், இறால், நண்டில் பெரும்பாலும் இருப்பது ஆர்சனோபீட்டெய்ன். அது உடம்பில் எந்த வேலையும் செய்யாமல், வந்த வடிவத்திலேயே ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும்.

3/ இந்த பேக்கேஜ்களில் பெரும்பாலும் பார்ப்பது 'மொத்த ஆர்சனிக்' மட்டும். ஐசிபி-எம்எஸ் அருமையான கருவிதான். ஆனால் அது மாதிரியைப் பல ஆயிரம் டிகிரி பிளாஸ்மாவில் போட்டு எல்லாவற்றையும் அணுவாக உடைத்துவிட்டுத்தான் எண்ணும். பாஷாணத்தில் இருந்து வந்த அணுவா, இறாலில் இருந்து வந்த அணுவா என்று அதற்குத் தெரியாது.

4/ விளைவு? ஞாயிற்றுக்கிழமை நண்டு வறுவல் சாப்பிட்டு திங்கட்கிழமை சிறுநீர் கொடுத்தவருக்கு லிட்டருக்குப் பல நூறு மைக்ரோகிராம் வரலாம். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் 'அதிகம்'. அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டில் யாராவது தூங்குவாங்களா? தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊரில் இந்த டெஸ்டை இப்படி எடுத்தால் பாதி ஊரை நோயாளி ஆக்கிவிடலாம்.

5/ சரியான வழி என்ன? மாதிரி கொடுப்பதற்கு முன் குறைந்தது 3, 4 நாள் கடல் உணவு கூடாது. மொத்த அளவு கூடுதலா இருந்தால் வகை பிரித்துப் பார்க்கணும். திரவ குரோமடோகிராபியில் ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியாகப் பிரித்து, அதற்குப் பிறகு ஐசிபி-எம்எஸ்ஸில் அளப்பார்கள்.

6/ கனிம ஆர்சனிக் உள்ளே போனால் அதை உடம்பு மீத்தைல் சேர்த்து எம்எம்ஏ, டிஎம்ஏ என்று மாற்றி வெளியேற்றும். கனிமம் + எம்எம்ஏ + டிஎம்ஏ, இந்தக் கூட்டுத்தொகைதான் நமக்கு வேண்டியது. கடல்பாசி, சிப்பி சாப்பிட்டாலும் டிஎம்ஏ ஏறும். அதனால் வகை பிரித்தாலும் பத்தியம் பத்தியம்தான்.

7/ "அப்போ இந்த டெஸ்டே வீணா டாக்டர்?" இல்லவே இல்லை. தேவையானவருக்கு இதைவிட நல்ல டெஸ்ட் கிடையாது. ரத்தத்தில் இருந்து ஆர்சனிக் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். சிறுநீர்தான் கடந்த சில நாளின் கணக்கைச் சொல்லும்.

8/ யாருக்குத் தேவை? 1983-ல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா அடையாளம் கண்டாரே, அந்த மாதிரி நோயாளிக்கு. நெஞ்சில், முதுகில் மழைத்துளி தெளித்த மாதிரி புள்ளிகள். உள்ளங்கை, உள்ளங்காலில் முள்ளு முள்ளாக் காய்ப்பு. கை கால் மரமரப்பு. காரணம் குழாய்க் கிணற்றுத் தண்ணீர். இது வருஷக்கணக்கில் போனால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை புற்றுநோய் வரை போகும்.

9/ வங்கத்தில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து இங்கே கட்டட வேலை செய்யும் தம்பிகளின் உள்ளங்கையைப் பார்க்கும்போது "வேலைக் காய்ப்பு" என்று தள்ளிவிடாதீர்கள். ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அவர் வந்து மாசக்கணக்கில் ஆகியிருந்தால் சிறுநீர் நார்மலாகவே வரும். அதை வைத்து நோய் இல்லை என்று எழுதக் கூடாது.

10/ அடுத்து, லேபிள் இல்லாத பொட்டலம். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் மூன்றுமே ஆர்சனிக் சேர்மங்கள். நான் சித்த மருத்துவத்தைத் திட்டவில்லை. ஆர்சனிக் டிரையாக்சைடை ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு நாங்களே கொடுக்கிறோம், அளவோடு, கண்காணிப்போடு. யார் செய்தது, என்ன இருக்கு என்றே தெரியாத பொடியைத்தான் சொல்கிறேன். அதைச் சாப்பிடுபவர் தயவுசெய்து டாக்டரிடம் மறைக்காதீங்க.

11/ இப்போ பெரிய மோசடி. கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு சிறுநீர் பிடித்து, "பாருங்க எவ்வளவு விஷம் வெளியே வருது" என்பது. அந்த மருந்தின் வேலையே உலோகத்தை இழுத்து வருவதுதான். யாருக்குக் கொடுத்தாலும் ஏறும். அந்த எண்ணை, மருந்து இல்லாமல் எடுத்த நார்மல் அளவோடு ஒப்பிடுவது ஏமாற்று வேலை. அமெரிக்க நச்சியல் மருத்துவக் கல்லூரி இந்த முறையை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

12/ "டீடாக்ஸ்தானே, என்ன ஆகிடும்?" 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்குக் கீலேஷன் கொடுத்தார்கள். ரத்தத்தில் கால்சியம் இறங்கி, இதயம் நின்று, இறந்துபோனான். இதுதான் ஆகும்.

13/ ஆய்வகங்களுக்கு: கடல் உணவுப் பத்தியத்தை மாதிரி வாங்கும் முன்னாடியே சொல்லுங்க. ரிப்போர்ட்டில் 'மொத்தம்' என்று தெளிவா எழுதுங்க. கிரியாட்டினின் அளவையும் சேர்த்துக் கொடுங்க. நிறைய தண்ணி குடிச்சவருக்கும் குடிக்காதவருக்கும் ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

14/ மக்களுக்கு: ரிப்போர்ட்டில் ஆர்சனிக் அதிகம் என்று வந்தால் இரண்டு கேள்வி. மூணு நாளுக்குள் மீன் சாப்பிட்டேனா? இது மொத்த அளவா, வகை பிரித்ததா? பதில் தெரியும் வரை டீடாக்ஸுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. பத்தியம் இருந்து மறுபடி எடுங்க. அப்பவும் கனிம ஆர்சனிக் அதிகம்னா பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. முதல் வைத்தியம் விஷம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அதை நிறுத்துறதுதான்.