கையெழுத்து வராத பதினொரு படிவங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோர் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

வருகிற சனிக்கிழமை நமது தரம் 9 பிள்ளைகளும் பக்கத்து ஊர்த் தமிழ்ப் பாடசாலையின் தரம் 9 பிள்ளைகளும் சேர்ந்து விஞ்ஞானக் கண்காட்சி வைக்கிறார்கள். இடம் அவர்களுடைய பாடசாலை மண்டபம். நமது கேற்றிலிருந்து நடந்து போனால் இருபது நிமிடம். 34 பிள்ளைகளுக்குச் சம்மதப் படிவம் கொடுத்தோம். 23 திரும்பி வந்தன. 11 இன்னும் வரவில்லை.

ஏன் என்று வகுப்பில் கேட்டோம். ஒரு மகன் எழுந்து சொன்னார்: "அங்க போனா அடிப்பாங்க டீச்சர்."

"உங்களுக்கு யாராவது அடிச்சிருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படித் தெரியும்?"

"தெரியா டீச்சர். எல்லாரும் சொல்றாங்க."

இந்தப் பிள்ளை 2009இல் யுத்தம் முடிந்தபோது பிறந்தே இருக்கவில்லை. 1990இல் என்ன நடந்தது என்று கேட்டுப் பார்த்தோம். வகுப்பில் மூன்று நான்கு பேருக்குத்தான் ஏதோ தெரிந்தது. ஆனால் பயம் மட்டும் எல்லோருக்கும் நன்றாகப் பாடமாக இருக்கிறது. நாம் நமது பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கொடுக்கவில்லை, பயத்தை மட்டும் கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

வன்முறை என்றால் நாம் ஜனாஸாக்களைத்தான் எண்ணுகிறோம். அது எண்ணப்பட வேண்டியதுதான். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது புலிகள் சுட்டார்கள். இரண்டு பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள், அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். அங்கும் நூற்றுக்கும் மேல். ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். இவற்றை மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த இரவுகளுக்குப் பிறகு மெல்ல மெல்லச் செத்துப்போன வேறு விடயங்களும் உண்டு. அவற்றை யாரும் எண்ணவில்லை. நமது உம்மம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள். படுவான்கரையிலிருந்து தயிர்ச்சட்டி கொண்டுவருகிற அம்மா திண்ணையில் குந்தி, வெற்றிலை போட்டு, நமது வீட்டுப் பிள்ளைகளின் பெயர் சொல்லி விசாரித்துவிட்டுத்தான் போவாராம். பிள்ளைப்பேற்றுக்குத் தமிழ் மருத்துவிச்சி வருவாராம். நமது ஆட்களுக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. போகப் பயந்து, சிலர் வந்த விலைக்கு விற்றார்கள், சிலருடையது காடாகிப் போனது. நமது பாடசாலைகளில் படிப்பித்த தமிழ் ஆசிரியர்கள் இடமாற்றம் எடுத்துப் போனார்கள். கடைசியில் கல்வி வலயங்கள்கூட இனம் பார்த்துப் பிரிந்தன. இன்று ஒரு பிள்ளை தரம் 1இலிருந்து உயர்தரம் வரை, பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒன்றோடு ஒரு வாங்கில் இருக்காமலே படித்து முடிக்கலாம். இத்தனைக்கும் இரண்டு பேரும் பேசுவது ஒரே தமிழ். இரு பக்கமும் தாய்வழிக் குடிமுறை இருக்கிறது. கூட்டங்களில் மட்டும் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று பேசிவிட்டு இறங்குகிறோம்.

இன்றும் ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் முட்டினால், காயம் யாருக்கு என்று கேட்பதற்கு முன் "எந்த ஊர்க்காரன்?" என்று கேட்கிறோம். மஃரிபுக்குப் பிறகு அந்தப் பக்கம் டயர் காற்றுப் போனால் நெஞ்சு அடிக்கிறது. அவர்களுக்கும் நமது ஊருக்குள் அப்படித்தான். அடிதடி ஒன்றும் நடக்காத நாளிலும் வன்முறை நம்மோடு இப்படித்தான் குடியிருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களோடு ஒரு தமிழ் ஆசிரியை பயிற்சி பெற்றார். இரண்டு வருடம் ஒரே மேசையில் பகல் சாப்பாடு. ஓகஸ்ட் வந்தால் நாங்கள் பள்ளிவாசல் படுகொலையைப் பற்றிப் பேசுவோம், அவர் கேட்டுக்கொண்டு இருப்பார். கடைசித் தவணையில் ஒருநாள்தான் சொன்னார்: 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அதில் அவருடைய அப்பாவும் ஒருவர். யாருமே திரும்பி வரவில்லை. இரண்டு வருடமாக நாங்கள் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம். ஏறாவூர் இரத்தம் காயாத அதே ஓகஸ்ட் 12ஆம் திகதி, வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கு இருந்தது என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்கள். நமது ஷுஹதாக்களை நினைவுகூரும் நாம் இதைப் பேசுவதே இல்லை.

ஒருவர் செய்ததற்காக ஒரு சமூகத்தையே பார்க்கிற பார்வை எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியாதா? 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் நமது பெயர்களை வைத்திருந்தவர்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் நமது பக்கத்து சீற் காலியாகவே இருந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் அபாயாவைப் பார்த்துத் தள்ளி நின்றார்கள். மே மாதம் குருநாகல் பக்கத்திலும் மினுவாங்கொடையிலும் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. "நாங்கள் என்ன செய்தோம்?" என்று வீட்டில் இருந்து அழுதோம். அந்தக் கேள்வி தயிர்க்கார அம்மாவுக்கும் சொந்தம்தான்.

"ஷஹீதானவர்களை மறந்துவிட்டுக் கண்காட்சியா?" என்று ஒரு வாப்பா ஃபோனில் கேட்டார். அவருடைய வலியை மதிக்கிறோம். அவருக்கும் உங்களுக்கும் எங்கள் பதில் இதுதான்: பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள். திகதியோடு, பெயரோடு, யார் செய்தார்கள் என்பதோடு சொல்லுங்கள். துப்பாக்கி தூக்கிய இயக்கம் வேறு, சனிக்கிழமை தன் பிள்ளையின் கண்காட்சி பார்க்க வருகிற தாய் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விபரம் தெரிந்த பிள்ளை ஷுஹதாக்களுக்கு துஆ கேட்கும். பயம் மட்டும் தெரிந்த பிள்ளையை நாளைக்கு யாரும் எதற்கும் கிளப்பிவிடலாம். ஒரு வட்ஸ்அப் செய்தி போதும்.

"முதலில் அவர்கள் வரட்டுமே" என்றும் சிலர் சொன்னார்கள். அழைத்தவரே அந்தப் பாடசாலை அதிபர்தான். அவருடைய பக்கத்திலும் ஒன்பது படிவங்கள் வரவில்லையாம். "உங்கட பக்கமும் அப்படித்தானா?" என்று கேட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு கண்காட்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு மின்சுற்றைப் பூட்டி, பல்ப் எரியவில்லை என்றால் "வயர மாத்திப் பாப்பம்" என்று சொன்னால் போதும். அடுத்த முறை "அடிப்பாங்க" என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளைக்கு நினைவில் ஒரு முகம் வரும்.

வேன் சனிக்கிழமை காலை 7.30க்குப் பாடசாலை கேற்றிலிருந்து புறப்படும். நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் கூடப் போகிறோம். ளுஹர் தொழ அங்கே ஒரு வகுப்பறை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். வர விரும்பும் பெற்றோர் தாராளமாக வரலாம். படிவம் தொலைந்திருந்தால் வேறு தருகிறோம், வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

நமது ஷுஹதாக்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. நமது பிள்ளைகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.