விடுதி ரிஜிஸ்தர் யார் வீட்டுச் சொத்து?

சிங்கவரம் குன்றைக் குடைந்து ரங்கநாதரைப் படுக்க வைத்தது பல்லவர் காலம் என்று சொல்ல நம் பண்டிதர்களுக்குத் தெரிகிறது. ஆனால் அநாதை விடுதியில் வளர்ந்த ஒருவன், "என்னை எந்தத் தேதியில், யார் கொண்டுவந்து விட்டார்கள்?" என்று கேட்டால் மாத்திரம், "ரிக்கார்டு இல்லை" என்றோ, "அது இரகசியம்" என்றோ பதில் வருகின்றது. கலியாணமென்றால் குலம், கோத்திரம், சொந்த ஊர் எல்லாம் துருவிக் கேட்பவர்களும் இவர்களேதான்!

தாயின் மானம் போய்விடுமாம். அந்த மானத்தைக் காட்டிப் பெற்றவளைப் பயமுறுத்திப் பிள்ளையைப் பிரித்தது யார் என்று நாம் கேட்கின்றோம். அயர்லாந்திலும் இதே சாக்குதான் சொன்னார்கள். அங்கு டுவாம் என்னும் ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் 796 குழந்தைகள் மாண்ட கதையை, ஒரு பெண்மணி மரணப் பதிவுகளைத் தேடியெடுத்து வெளியாக்கினார். தத்துப்போனவர்கள் தங்கள் பிறப்பு விவரங்களைப் பெறுவது உரிமை என்று 2022ல் அங்கே சட்டமே வந்துவிட்டது. நம் நாட்டில் அதே 2022ல் வந்த தத்து விதிகள், 18 வயதானவர் தம் மூலத்தைத் தேடலாம் என்கின்றன. அதுவும் தத்துப்போனவருக்குத்தான். விடுதியிலேயே வளர்ந்து வெளியேறியவன் எங்கே போவது?

விடுதியை மூடும்போது கட்டில், பாத்திரங்களை எண்ணி ஜாபிதா எழுதுகிறவர்கள், பிள்ளைகளின் ரிஜிஸ்தரை எந்தக் கச்சேரியில் ஒப்புவித்தார்கள்? சர்க்கார் பதில் சொல்லட்டும்.