குளியலறையில் தேங்கும் நீருக்கு யார் பொறுப்பு?



புது வீட்டு விருந்துக்குச் சென்றால் வீட்டுக்காரர் நம்மை முதலில் கூடத்துக்கு அழைத்துச் செல்வார். பளிங்குத் தரையையும் கூரை விளக்குகளையும் காட்டுவார். குளியலறைக் கதவைத் திறந்தால் சுவர் டைல்ஸின் நிறத்தையும் அதன் விலையையும் சொல்வார். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எப்படி ஓடுகிறது என்று இதுவரை எவரும் எனக்குக் காட்டியதில்லை. நானும் என் வீட்டில் அப்படி ஊற்றிப் பார்த்தவனல்லன். அதனால் நேர்ந்ததை எழுதவே இக்கட்டுரை.

நான் வளைகுடாவில் இருந்தபோது ஊரில் எங்கள் வீடு எழும்பியது. டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கைப்பேசிக்கு வந்த படங்களுக்குக் கணக்கில்லை. தரையின் வாட்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாட்டம் படத்தில் தெரிகிற பொருளுமல்ல. விடுப்பில் வந்தபோதுதான் கண்டேன். குளித்து முடித்த நீர் வடிகால் இருக்கும் மூலைக்குப் போகாமல் கதவோரம் குட்டைபோல் நின்றது. உம்மா ஒவ்வொரு முறையும் வைப்பரால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "தள்ளிவிட்டாப் போயிடும்ல, இதுக்குப் போயி யாராச்சும் தரைய இடிப்பாங்களா?" என்றார்கள். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டேன். மறு ஆண்டு ஒரு ஃபஜ்ர் நேரத்தில், உளூச் செய்துவிட்டு வெளியே வரக் காலெடுத்தவர்கள் அந்தக் குட்டையிலேயே வழுக்கி விழுந்தார்கள். மணிக்கட்டு முறிந்தது. இடுப்பெலும்பு தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

தரையை உடைத்தபோது விஷயம் விளங்கியது. டைல்ஸுக்கு அடியில் இருந்த கலவை கதவருகே எவ்வளவு கனமோ, வடிகாலருகேயும் அவ்வளவே கனம். டைல்ஸ் போடுபவர் சரிசெய்துகொள்வார் என்று கொத்தனார் விட்டிருந்தார். கொத்தனார் போட்டுவைத்த தளத்தின் மேல்தான் ஒட்டினேன் என்றார் டைல்ஸ்காரர். அவ்விருவருக்கும் முன்பே நானி டிராப்பைப் பதித்துச் சென்ற பிளம்பரோ அதன் வாயைத் தேவைக்கு மேல் உயரத்தில் வைத்திருந்தார். மூவரிடமும் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால், மூவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிறுத்தி "தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும்?" என்று கேட்டிருக்க வேண்டியவன் வீட்டுக்காரனான நானே.

வாட்டத்தை அமைக்க வேண்டிய இடம் டைல்ஸ் அன்று, அதன் அடியில் இருக்கும் கலவைத் தளம். டைல்ஸ் ஒட்டும் பசையை ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைத்து வாட்டம் கொண்டுவரப் பார்ப்பது பலன் தராது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது நல்ல கணக்கு. ஐந்தடிக்கு ஏழடி அறையில் வடிகால் ஒரு மூலையிலும் கதவு எதிர் மூலையிலும் இருந்தால், குறுக்கே ஏறத்தாழ எட்டரை அடி. ஆகவே கதவோரத்துக்கும் வடிகாலுக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் இறக்கம் வேண்டும். அதற்கு ஏற்ற ஆழத்தில் டிராப்பின் வாயை முதலிலேயே வைத்தாக வேண்டும். அது உயர்ந்துவிட்டால் அதன்பின் எந்தக் கொத்தனாராலும் வாட்டம் கொண்டுவர இயலாது. இறக்கம் மிகவும் அதிகமானாலும் தொல்லைதான். முதியவர் உட்கார்ந்து குளிக்கும் முக்காலி ஆடும்.

இரண்டடிச் சதுரப் பெரிய டைல்ஸ் மீது நம்மவர்களுக்கு இப்போது தனி மோகம். நான்கு பக்கமிருந்தும் ஒரு புள்ளியை நோக்கிச் சரியும் தரையில் அந்தப் பெரிய பலகை படியாது. மூலைவாட்டில் வெட்ட வேண்டும், இல்லையேல் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். ஓரடிச் சதுரமோ அதனினும் சிறியதோ, சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளதாக எடுப்பதே குளியலறைக்குப் பொருத்தம். கடைக்காரர் பளபளப்பானதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்.

கலவை காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வீட்டுக்காரரோ அவர் சார்பாக ஒருவரோ நின்று ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் எங்கே தேங்குகிறது என்பது தெரிந்துவிடும். அன்று திருத்தினால் செலவு சிறிது கலவையும் அரை நாள் கூலியும். பிறகென்றால் உடைப்பு, குப்பை, புது டைல்ஸ், அத்தனை நாளும் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கு நடை. எங்கள் உம்மா கையில் கட்டுடன் அப்படி நடந்தார்கள்.

குளிக்கும் இடத்தில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகவும், வஸ்வாஸ் எனும் மன ஊசலாட்டம் பெரும்பாலும் அதிலிருந்து வருவதாகவும் கூறும் ஹதீஸ் திர்மிதீ, அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. அதையொட்டி, அவ்விடத்தில் நீர் ஓடிச் சென்றால் இதில் சலுகை உண்டு என்ற இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களின் கருத்தை இமாம் திர்மிதீ பதிவு செய்கிறார். அக்காலக் குழிகளுக்கே இது பொருந்தும், சாந்தும் கீலும் பூசிக் கட்டிய தளத்தில் நீரை ஊற்றிவிட்டால் குற்றமில்லை என்ற விளக்கம் இப்னுமாஜாவில் அலீ பின் முஹம்மத் அத்தனாஃபிஸீ அவர்கள் வாயிலாக வருகிறது. சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று: அந்தப் பெரியோர்கள் தரை எதனால் ஆனது, நீர் ஓடுகிறதா என்றெல்லாம் பார்த்திருக்கிறார்கள். கழிப்பிடமும் குளியலும் ஒரே அறையில் அமைந்த நம் வீடுகளில், எங்கிருந்து வந்ததென்று தெரியாத நீரில் கால் நனைத்துவிட்டு, உளூச் செய்த காலை மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! பேணுதல் என்று அதைச் சொல்கிறோம். பாதிப் பழி கொத்தனாருடையது.

மாடிக் குடியிருப்புகளில் இன்னொன்றும் உண்டு. டைல்ஸின் இடுக்குகள் வழியே சிறிதளவு நீர் எப்போதும் கீழே இறங்கும். ஆகவே அடியில் பூசும் நீர்க்காப்புப் பூச்சும் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அது சமதளமாக இருந்தால் இறங்கிய நீர் அங்கேயே ஊறிக் கிடந்து நாற்றமெடுக்கும், பூச்சில் ஒரு விரிசல் கண்டதும் கீழ்வீட்டுக் கூரையில் கறையாக வெளிப்படும். டைல்ஸ் போடுமுன் வடிகாலை அடைத்து, நீர் நிரப்பி, குறைந்தது ஒரு நாள் வைத்து, கீழ்வீட்டுக்காரரின் அனுமதியோடு அவர் கூரையைப் பாருங்கள். அண்டை வீட்டார் உரிமையைப் பற்றி நாம் கேட்ட பயான்கள் கொஞ்சமா?

இத்தனைக்கும், தேங்கும் நீரைத் தள்ளுபவர் யார் என்று பாருங்கள். டைல்ஸின் நிறத்தை முடிவு செய்தவர் குளித்துவிட்டு வெளியேறிவிடுகிறார். வைப்பரைப் பிடிப்பது உம்மாவும் மனைவியும். வீடு கட்டும் ஆலோசனையில் அவர்களிடம் சமையலறையைப் பற்றி மட்டும் கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மாறவில்லை. குளியலறையில் வடிகால் எந்த மூலையில் வர வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் அது கதவுக்கு எதிர்ப்புறம், குளிக்கும் குழாயின் கீழேயே வந்திருக்கும். இப்போது அங்கேதான் இருக்கிறது.

தரை ஏற்கெனவே தவறாக அமைந்து, உடைக்க வசதியில்லாதவர்கள், கதவின் அடி உயரமும் டிராப்பின் ஆழமும் இடம் தருமானால் பழைய டைல்ஸின் மேலேயே வாட்டமாகப் புதுத் தளம் போட முடியுமா என்று ஒரு நல்ல கொத்தனாரிடம் கேட்டுப் பார்க்கலாம். அதுவும் இயலாதெனில், வழுக்காத விரிப்பு ஒன்றும், கதவருகே சுவரில் கைப்பிடி ஒன்றும் இந்த வாரமே பொருத்திவிடுங்கள். கைப்பிடியின் திருகாணி டைல்ஸோடு நின்றுவிடாமல் செங்கல்வரை இறங்குகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.