விற்ற சாமானும் வரிக் கணக்கும்

பங்குனியும் சித்திரையும் வந்துவிட்டால் நம் செகந்திராபாத் வீடுகளில் இரண்டு வேலைகள் ஒருங்கே வந்து சேருகின்றன. பள்ளி ஆண்டு முடிவதால் உத்தியோக மாற்றம் பெற்ற குடும்பங்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ மூட்டை கட்டுகின்றன. நிதியாண்டு முடிவதால் வரிக் கணக்கும் எதிர்நிற்கிறது. கொண்டுபோக இயலாத பீரோ, கட்டில், சலவை இயந்திரம் முதலியன மாரேடுபள்ளியிலும் மல்காஜ்கிரியிலும் அண்டை அயலாருக்கே விலையாகிவிடுகின்றன. பணம் கைப்பேசி வழியே வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. பிறகு வரி மென்பொருளின் முன் அமரும்போதுதான் ஐயம் பிறக்கிறது: இத்தொகையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அச்சமுடையோர் ‘பிற வருமானம்’ என்னுமிடத்தில் முழுத் தொகையையும் எழுதி, இல்லாத வருமானத்திற்கு வரி செலுத்திவிடுகின்றனர். துணிவுடையோர் தங்கச் சங்கிலி விற்ற பணத்தையும் பீரோ விற்ற பணத்தோடு சேர்த்து, ஒன்றையும் எழுதாது விட்டுவிடுகின்றனர். இரண்டும் தவறான வழிகளே.

முதலில் பீரோவின் கதையை முடித்துவிடுவோம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் ‘மூலதனச் சொத்து’ என்பதற்கு வரையறை கூறுகையில், ஒருவர் தாமும் தம் குடும்பத்தாரும் உபயோகிக்க வைத்திருக்கும் அசையும் பொருள்களை அதினின்று விலக்கியது. 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விலக்கைக் காத்துள்ளது. ஆகவே கட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டியும் சொந்த உபயோகத்திற்கு வைத்திருந்த காரும் விற்ற பணம் வருமானமன்று. எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டுவதில்லை. ஐம்பதினாயிரத்துக்கு வாங்கிய சோபா எட்டாயிரத்துக்குப் போயிற்றே என்று நஷ்டம் காட்டவும் இடமில்லை. புடவைகளை வாங்கி வாங்கி விற்போர் இக்கூட்டத்தில் சேரார், அது வியாபாரம்.

நிற்க. அவ்விலக்குக்கு உள்ளேயும் ஒரு விலக்கு உண்டு. நகை சொந்த உபயோகப் பொருள் என்ற பெயரில் தப்பாது. கழுத்தில் நாள்தோறும் கிடக்கும் சங்கிலியாயினும் சட்டத்தின் கண்ணுக்கு அது மூலதனச் சொத்தே. 2007ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஓவியம், சிற்பம் முதலிய கலைப் பொருள்களையும் இவ்வரிசையில் சேர்த்தது. பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர்ப் படத்தைப் பூஜையறையினின்று எடுத்து விற்போர் இதை அறிதல் நலம். பூஜைக்கு வைத்திருந்தோம் என்னும் வாதமும் எப்போதும் எடுபடுவதில்லை. தோல்பூர் மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜி தொடர்ந்த வழக்கில், மகாலட்சுமி பூஜைக்கு வைத்திருந்த தங்கக் காசுகளும் வெள்ளிக் காசுகளும் வெள்ளிக் கட்டிகளும் சொந்த உபயோகப் பொருள்கள் ஆகா என 1976இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அட்சய திருதியைக்கு வாங்கிப் பெட்டியில் வைத்த காசுக்கும் இதே கதி. அன்றாடம் ஏற்றும் வெள்ளிக் குத்துவிளக்கு நகையன்று. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இனி, நகை விற்ற முழுத் தொகையும் வருமானமா என்றால் இல்லை. ஆதாயம் மட்டுமே வருமானம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து 2024 ஜூலை 23க்குப் பின் விற்ற நகைக்கு, விலைவாசி உயர்வுக்கான கழிவு ஏதுமின்றி, ஆதாயத்தில் 12.5 சதவிகிதம் வரி; அவ்வரியின்மேல் 4 சதவிகிதம் தீர்வை. தாய் வழியாகவோ மாமியார் வழியாகவோ வந்த நகையானால், வந்தபோது வரியில்லை. விற்கும்போது அவர்கள் வாங்கிய விலையும் அவர்கள் வைத்திருந்த காலமும் நம் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதானால் அந்நாளைய சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ளலாம்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. எட்டுப் பவுன் அட்டிகையின் 2001ஆம் ஆண்டு மதிப்பு 25,000 ரூபாய். விற்றது 5,25,000 ரூபாய். ஆதாயம் 5 லட்சம். வரி 62,500, தீர்வை 2,500, ஆக 65,000 ரூபாய். இவ்வட்டிகை வேறு வருமானமே இல்லாத தாயாருடையது என்று கொள்வோம். புதிய வரிமுறையில் 2025 ஏப்ரல் தொடங்கிய நிதியாண்டு முதல் அடிப்படை விலக்கு 4 லட்சம். உள்நாட்டில் வசிப்பவர் பயன்படாது எஞ்சிய விலக்கை இவ்வாதாயத்தின்மேல் சரிக்கட்டிக் கொள்ளலாம். மீதி ஒரு லட்சத்திற்கு 13,000 ரூபாயோடு காரியம் முடியும். மகன் தன் கணக்கில் அப்பணத்தைப் பெற்றுத் தன் வருமானமாக எழுதினால் 52,000 ரூபாய் வீணாகிறது.

அதனால்தான் நகை யாருடையது என்பதை வீட்டில் முதலில் பேசித் தெளிய வேண்டுமென்கிறோம். தாய்வீட்டார் போட்ட நகை பெண்ணின் ஸ்திரீதனம். அதில் அவளுக்கே முழு உரிமை என்பதை உச்சநீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உறுதிசெய்தது. அதன் ஆதாயம் அவள் கணக்கில், அவள் பெயரில் வரவேண்டும். கணவர் திருமணத்திற்குப் பின் தம் பணத்தில் வாங்கிக் கொடுத்த நகையானால், அதை மனைவி விற்ற ஆதாயம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். அன்பளிப்பிலும் சட்டம் கணக்குப் பார்க்கிறது!

பழைய நகையைக் கொடுத்துக் கடையில் புதியதை மாற்றிக் கொள்வதும் விற்பனைக்கு ஒப்பே. கையில் ஒரு காசும் வராமற் போனாலும் ஆதாயம் கணக்கிடப்படும். இதனை அறிந்தோர் நம் வட்டாரத்தில் மிகச் சிலர். நம் தங்கத்தையே பத்தரிடம் கொடுத்து உருக்கிச் செய்துகொள்வது வேறு. அங்கே பொருள் கைமாறுவதில்லை. விற்கும்போது ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குதலும் 2017 ஏப்ரல் முதல் தடுக்கப்பட்டது. மீறினால் வாங்கிய தொகை முழுவதுமே அபராதமாகலாம்.

மாதச் சம்பளக்காரர் வழக்கமாக நிரப்பும் ‘சஹஜ்’ படிவம் நகை ஆதாயத்திற்கு உதவாது. ஐடிஆர்-2 படிவத்தைத் தேர்ந்து, மூலதன ஆதாய அட்டவணையின் நீண்டகாலப் பகுதியில் மற்றச் சொத்துகளுக்குரிய இடத்தில் விற்ற விலையையும் அடக்க விலையையும் எழுத வேண்டும். விற்ற தொகை முழுவதையும் வீடு வாங்கவோ கட்டவோ இடுவோருக்கு, குறித்த காலவரம்புக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, விலக்கும் உண்டு.

அமெரிக்காவிலுள்ள நம் பிள்ளைகளுக்கு வழி சற்றே வேறு. அங்கே இணையச் சந்தையில் பழைய சாமான் விற்றால் அச்சந்தைக்காரரே ‘1099-கே’ என்ற சீட்டை வரி இலாகாவுக்கு அனுப்பக்கூடும். நஷ்டத்திற்கு விற்ற பொருளாயினும், சீட்டு வந்துவிட்டால் அத்தொகையைக் காட்டிக் கழித்துவிட வேண்டும். ஆதாயத்திற்கு விற்றிருந்தால், அது சொந்த உபயோகப் பொருளாயினும் வரி உண்டு.

இங்கே அவ்வாறு சீட்டனுப்புவார் இல்லை. நமக்கு வேண்டிய சீட்டை நாமே தேட வேண்டும். பழைய ரசீது கிடையாத நகைக்கு, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001ஆம் ஆண்டு மதிப்பை எழுதி வாங்கலாம். நகை உருகியபின் அவர் எதைப் பார்த்து மதிப்பிடுவார்? கடைக்குப் போகுமுன்பே அவரிடம் கொண்டுசெல்க.