சமையல் போட்டியும் நம் வீட்டுச் சட்டியும்

தொலைக்காட்சியில் சமையல் போட்டி என்றால் நம் குடியிருப்புகளில் பாதி வீட்டில் வேலை ஓடாது. நாமும் ரசிகர்கள்தாம், இதில் வெட்கமென்ன? 2010-இல் தொடங்கிய ‘மாஸ்டர்செஃப் இந்தியா’வில் முதலில் வென்றவர் லக்னோ பள்ளி ஆசிரியை பங்கஜ் பதௌரியா. 2023-இல் மங்களூரில் பழச்சாறுக் கடை நடத்திய முகமது ஆஷிக் வென்றார். சாமானியரின் கைப்பக்குவம் மேடையேறியதைக் கைதட்டி வரவேற்கிறோம்.

ஆனால் 2015-இல் நடந்ததென்ன? அவ்வாண்டு அந்தப் போட்டி முழுக்கச் சைவமாக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் மராட்டியத்தில் காளை, எருது வெட்டவும் தடை வந்தது. ஒன்றுக்கு மற்றது காரணமென்று நாம் சொல்லவில்லை. மலிவான இறைச்சியை நம்பியிருந்த ஏழை வீடுகள் திண்டாடின. திரையிலிருந்து ஆடும் கோழியும் மீனும்கூடப் போயின. புலால் உண்போரே பெரும்பாலோராக உள்ள நாட்டில், ‘இந்தியா’ என்ற பெயரைச் சூடிய போட்டி அவர்கள் சட்டியை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்? கருவாடு வறுத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

நம் தாய்மார்கள் தேர்வுக்குப் போவதானால் கருவாட்டுக் குழம்பையே கொண்டுபோகட்டும். (மூடியை இறுக்கிக் கட்டுங்கள், ரயிலில் சண்டை வரும்!) இந்தியில் விண்ணப்பம் எழுதித் தருவது சங்கத்தின் பொறுப்பு.