நாய் முடியில் ஸ்வெட்டர்... உதிர்ந்ததா, பறித்ததா? கேட்டுட்டு வாங்குங்க!

வீட்டுல கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன்னு ஏதாவது வளர்க்கிறீங்களா? அப்போ சோபா, கறுப்பு பேன்ட், சில நாள்ல சாம்பார் வரைக்கும் முடி வந்து சேரும்னு உங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்லை. தினமும் சீவி, உருண்டை பிடிச்சு, குப்பைத் தொட்டியில போடுற அந்த முடியைச் சிலர் நூலாக்கி மஃப்ளர், குல்லா, கீ-செயின்னு பின்னிக்கிட்டிருக்காங்க.

இந்த நூலுக்குப் பேரே இருக்கு... 'ஷியான்கோரா'. நாயைக் குறிக்கும் பிரெஞ்சு வார்த்தையையும், முயல் முடிக்குப் பெயர்போன 'அங்கோரா'வையும் சேர்த்து உருவான பெயர். ஜெர்மனியில 'மோடஸ் இன்டார்ஸியா' என்ற ஸ்டார்ட்அப், நாய் வளர்க்கிறவங்க சீவி அனுப்புற முடியை வாங்கி நூலாகவே விற்பனை செய்ய ஆரம்பிச்சது. 'இது என்ன புதுக் கூத்து?'ன்னு தோணுதா? புதுசே இல்லைங்க.

கம்பளிக்காகவே வளர்ந்த நாய்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பகுதிகளின் கடலோரத்தில் வாழும் பூர்வகுடிகள் கோஸ்ட் சேலிஷ் மக்கள். அவங்ககிட்ட ஆடு மாதிரி ரோமம் கத்தரிக்கப்பட்ட ஒரு நாய் இனமே இருந்தது. மற்ற நாய்களோடு கலந்துடக் கூடாதுன்னு சின்னத் தீவுகளிலும் பட்டிகளிலும் தனியா வளர்த்தாங்க. அந்த ரோமத்தை மலை ஆட்டு ரோமத்தோடு சேர்த்து நூற்று, போர்வை நெய்தாங்க. நாய்களைப் பராமரிச்சதும் நெய்ததும் பெண்கள்தான். 1792-ல் அந்தப் பக்கம் போன ஜார்ஜ் வான்கூவர் என்ற கடலோடி, பொமரேனியன் போன்ற, ஆனால் அதைவிடக் கொஞ்சம் பெரிய, ரோமம் ஒட்டக் கத்தரிக்கப்பட்ட நாய்களைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார்.

அந்த இனம் இன்னிக்கு இல்லை. மிச்சம் இருக்கிறது 1859-ல் இறந்த 'மட்டன்' என்ற நாயின் தோல்தான். (ஆடுகளைத் துரத்துறதுல அவ்வளவு ஆர்வமாம், அதான் அந்தப் பேர்!) அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கும் அந்தத் தோலின் மரபணுவை ஆராய்ந்து, 2023 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டாங்க. ஐரோப்பியர் வருகைக்கு ரொம்ப முன்பிருந்தே இந்த இனம் தனியாகப் பேணப்பட்டு வந்ததுன்னு அதுல உறுதியாச்சு.

அப்புறம் எப்படி அழிஞ்சது? மலிவா மில் போர்வை வந்ததால நாய் தேவைப்படலைன்னுதான் பல காலமா சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஆனா, அந்த ஆய்வில் பங்கெடுத்த சேலிஷ் பெரியவர்கள் சொன்ன காரணம் வேற. பெரியம்மை ஊர் ஊராகச் சனத்தைக் கொன்றது. மிஞ்சியவர்களின் சடங்குகளையும் கலைகளையும் காலனி அரசுகள் ஒடுக்கின. நெசவு தெரிந்த கைகளும், நாயைப் பார்த்துக்கொண்ட கைகளும் ஒண்ணுதானே? அந்தக் கைகள் முடங்கினதும் நாயும் போயிடுச்சு. அக்கறையா வளர்க்க ஆள் இருந்த வரைக்கும்தான் அந்தக் கம்பளியும் இருந்தது.

சீப்புக்கும் கத்திக்கும் நடுவுல

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். நாய், பூனைகளைக் கொன்று எடுக்கும் ரோமத் தோல், வேறு விலங்கின் பெயரில் விற்கப்பட்டது அம்பலமானதும், அமெரிக்கா 2000-ல் அதன் இறக்குமதியைத் தடை செஞ்சது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2008 டிசம்பர் 31 முதல் அமலுக்கு வந்தது. 2013-ல், சீனப் பண்ணைகளில் அங்கோரா முயல்கள் அலற அலற முடியைப் பிடுங்கும் வீடியோவை பீட்டா அமைப்பு வெளியிட்டதும், எச் அண்ட் எம் உட்படப் பல நிறுவனங்கள் அங்கோரா உடைத் தயாரிப்பை நிறுத்தின.

முயல் முடியையும் வலிக்காம எடுக்க முடியும். ஆனா, டிமாண்ட் ஏறி, கிலோ கணக்குல விலை பேச ஆரம்பிச்சதும் பொறுமை காணாம போயிடுது. நாய் முடிக்கு இன்னும் அந்த நிலை வரலை. காரணம், அது பெரும்பாலும் வீட்டுல செல்லமா வளரும் நாயின் சீப்புல இருந்து வருது. இது 'ட்ரெண்டிங்' ஆகி, முடிக்காகவே நாய் வளர்க்கும் கூடம் முளைச்சா கதை மாறிடும். அதனால ஆன்லைன்ல இப்படி ஒரு பொருளைப் பார்த்தா, 'முடி எங்கிருந்து வந்தது, யார் சீவினது?'ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா வாங்காதீங்க.

நீங்களே செஞ்சு பார்க்கலாமா?

தாராளமா! சில விஷயங்களை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

* மேல் முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் உள்ரோமம்தான் நூலுக்கு ஏத்தது. கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அது நிறைய. ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு முடி ரொம்பக் குட்டை, நூலுக்கு ஆகாது.

* சீவும்போது வர்றது மட்டும் போதும். உள்ரோமம் உள்ள நாய்களுக்கு மொட்டை அடிக்கவே கூடாது. வெயில்லயிருந்து தோலைக் காப்பாத்துறதே அந்த முடிதான்.

* உண்ணி மருந்து போட்ட கையோட சீவின முடியைச் சேர்க்காதீங்க.

* வெதுவெதுப்பான தண்ணீர்ல ஷாம்பு போட்டு ஊறவிட்டு அலசுங்க. கசக்கினா சிக்கு பிடிச்சு ஜடையாயிடும். சுத்தமா அலசி நிழல்ல காயவெச்சா நாய் வாடை பெரும்பாலும் போயிடும்.

* தாத்தா, பாட்டி ஸ்கூல்ல பஞ்சு நூற்ற தக்களி ஞாபகம் இருக்கா? அதே தக்களிதான் இதுக்கும். நாய் முடிக்கு இழுவைத்தன்மை குறைவு. ஆட்டுக் கம்பளி கொஞ்சம் கலந்தா நூல் நிக்கும்.

இன்னொண்ணு, இது நல்ல சூடு தரும் நூல். சென்னை வெயிலுக்கு ஸ்வெட்டர் பின்னினா போடுற உங்களுக்குத்தான் கஷ்டம்! கீ-செயின், பிரேஸ்லெட், குட்டி பொம்மைன்னு ஆரம்பிங்க. இதுக்காக ஹஸ்கி வாங்கிட்டு வர்ற ஐடியா இருந்தா இப்பவே கைவிடுங்க. பனியில் வாழ வேண்டிய நாய் அது, நம்ம ஊர் மே மாசத்துல பாவம்.

நாய்களோட ஆயுசு நம்மளைவிடக் குறைவுன்னு வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை. ஒருநாள் அது இல்லாம போகும்போது, போன்ல ஆயிரம் போட்டோ இருக்கும். தொட்டுப் பார்க்க ஒண்ணும் இருக்காது. அதனால இன்னிக்குச் சாயங்காலம் சீவும்போது, உதிர்ற முடியில ஒரு பிடியை ஒரு பழைய தலையணை உறையில போட்டு வைங்க. நூற்கிறது அப்புறம் நிதானமா கத்துக்கலாம்.